பேச்சு அருவி, எழுத்து வாய்க்கால்

ஜூன் மாதம் வந்தால் தென்காசிப் பக்கத்தில் பள்ளிக்கூடமும் சாரலும் ஏறக்குறைய ஒன்றாகத் திறக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைந்து, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறலைத் தூவிவிட்டுப் போகும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஈரத் தலையோடு வந்து உட்காருவார்கள். வாயெல்லாம் அருவிக் கதை.

“டீச்சர், நேத்து அஞ்சருவிக்குப் போனோம். தாத்தா துண்டத் தோள்ல போட்டுக்கிட்டே போயி நின்னாவ. தண்ணி பொத்துன்னு விழுந்து துண்ட அடிச்சிட்டுப் போயிட்டு. தாத்தா துண்டு துண்டுன்னு கத்துதாவ, ஆச்சி சிரிச்சிக்கிட்டே நிக்காவ!”

இப்படிச் சொல்லும் பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்து, அருவிக்குப் போனதை எழுதச் சொல்லுங்கள். கால் மணி நேரம் கழித்து நான்கு வரி கிடைக்கும். குற்றாலம் ஒரு சுற்றுலாத் தலம். அங்கு அருவி உள்ளது. நான் குளித்தேன். மகிழ்ச்சியாக இருந்தது.

தாத்தாவைக் காணோம். துண்டைக் காணோம். ஆச்சியின் சிரிப்பையும் காணோம். தென்காசி என்றில்லை, தமிழ்நாட்டின் எந்தத் தொடக்கப் பள்ளியிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பார்த்ததும், பிள்ளைக்கு எழுத வரவில்லை, கற்பனை போதாது என்று முடிவு கட்டிவிடுகிறோம். கதை பிள்ளையிடம் முழுசாகத்தான் இருக்கிறது. வாயிலிருந்து தாளுக்கு வருகிற வழியில் அது எங்கோ தங்கிப்போகிறது. எங்கே தங்குகிறது, ஏன் தங்குகிறது என்பதைக் கடந்த ஐம்பது ஆண்டுகளின் உளவியலும் நரம்பியலும் நன்றாகவே விளக்குகின்றன. அதைத் தெரிந்துகொண்டால், எழுதக் கற்றுக்கொடுக்கும் முறையும் மாறும்.

சின்னப் பலகை, நிறையச் சாமான்

1980இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் ஹேஸும் லிண்டா ஃபிளவரும், எழுதுகிறவர்களை எழுதும்போதே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து, எழுதும் செயலுக்கு ஒரு வரைபடம் தந்தார்கள். என்ன எழுதலாம் என்று திட்டமிடுவது, திட்டத்தைச் சொற்களாக்குவது, எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்துவது ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதில்லை, மாறி மாறி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொண்டே இருக்கின்றன என்று அது காட்டியது. அது பெரியவர்களைப் பார்த்து வரைந்த படம். குழந்தைகளை ஆராய்ந்த வர்ஜீனியா பெர்னிஞ்சர் போன்றவர்கள் அதில் விடுபட்ட ஒன்றைச் சேர்த்தார்கள். அதுதான் கை. எழுத்தின் வடிவத்தை நினைவிலிருந்து எடுத்து, விரலுக்கு அனுப்பி, சரியான எழுத்துக்கூட்டலோடு தாளில் இறக்கும் வேலை. நமக்கு அது தானாக நடக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதுவே பெரிய வேலை.

ஏன் பெரிய வேலை என்பதற்கு நினைவாற்றல் ஆய்வு பதில் சொல்கிறது. ஒரு செயலைச் செய்துகொண்டிருக்கும்போது அதற்கு வேண்டியதை மட்டும் கையருகே வைத்துக்கொள்ள மூளையில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1974இல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிச்சும் இதைச் செயல்படு நினைவு என்று விளக்கினார்கள். அடுப்படியில் காய் நறுக்கும் பலகையைப் போன்றது அது. பலகை சிறியது. பெரியவர்களுக்கே ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு பொருள்கள்தான் அதில் நிற்கும் என்று நெல்சன் கோவன் 2001இல் மதிப்பிட்டார். குழந்தையின் பலகை இன்னும் சிறியது.

இப்போது துண்டுக் கதையை அந்தப் பலகையில் வைத்துப் பாருங்கள். பிள்ளை ‘நேற்று’ என்று எழுதத் தொடங்குகிறது. முதலில் ‘நே’. சின்ன நவா, பெரிய னவா? ஒற்றைக் கொம்பா, சுழித்த கொம்பா? அடுத்து ‘ற்’. வாயில் வருவது ‘நேத்து’ என்பதால், இந்த றகரம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு குழப்பம். புள்ளி வைக்க வேண்டும். ‘று’வின் வால் எந்தப் பக்கம் போகும்? ஒரு சொல்லை முடிப்பதற்குள் பலகை நிரம்பிவிட்டது. ஓரத்தில் இருந்த துண்டு கீழே விழுந்துவிட்டது. நிமிர்ந்து பார்க்கும்போது கதையில் மிச்சமிருப்பது ‘குளித்தேன்’ மட்டும்தான். எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டும் பொறுக்கி எழுதிவிடுவது அந்த நிலையில் பிள்ளைக்குத் தெரிந்த பாதுகாப்பான வழி. நாம் கற்பனைக் குறை என்று நினைப்பது உண்மையில் இட நெருக்கடி.

ஆகவே முதல் மருந்து, கையைப் பழக்குவது. ஸ்டீவ் கிரஹாமும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எழுதத் திணறிய முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பயிற்சி மட்டும் கூடுதலாகக் கொடுத்தார்கள். கட்டுரை எழுதும் உத்தி எதையும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் கையெழுத்தோடு சேர்ந்து அவர்கள் சொந்தமாக எழுதும் சரளமும் கூடியது. கைவேலை தானாக நடக்கத் தொடங்கியதும் பலகையில் இடம் கிடைத்தது, அந்த இடத்தில் எண்ணம் வந்து உட்கார்ந்தது.

கொம்பு முன்னே, ஒலி பின்னே

தமிழ்ப் பிள்ளையின் கை எதைப் பழக வேண்டும் என்று பார்ப்போம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247. இந்த எண்ணைச் சொல்லிப் பிள்ளையை மிரட்டத் தேவையில்லை. முப்பது அடிப்படை எழுத்துகளும் அவற்றைக் கூட்டும் சில குறிகளும்தான் இந்த ஏற்பாடு. ஆனாலும் இந்திய எழுத்து முறைகளை 26 எழுத்து ஆங்கிலத்தோடு வைத்துப் பார்க்க முடியாது. கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகள் முழுவதும் கைவர நான்காம், ஐந்தாம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று கண்டார். முதல் வகுப்பிலேயே எல்லாம் வந்துவிட வேண்டும் என்ற அவசரம் எழுத்து முறையின் இயல்புக்கே எதிரானது.

தமிழில் குறிப்பாக எங்கே சிக்கல்? ‘தேன்’ என்று சொல்லும்போது நாக்கு முதலில் த் என்கிறது, பிறகு ஏ என்கிறது. கையோ முதலில் கொம்பைப் போட வேண்டும், பிறகுதான் தகரம். ‘கொடி’யில் ஒரே ஓசை எழுத்தின் இரு பக்கமும் பிரிந்து உட்காருகிறது. ஒலியின் வரிசை ஒன்று, வடிவத்தின் வரிசை வேறொன்று. பிள்ளை கொம்பை விட்டுவிட்டுத் தகரத்தை எழுதி, பிறகு முன்னால் போய் நெருக்கிச் செருகுகிறது என்றால், அது கவனக்குறைவு ஆகாது. ஒலியைச் சரியாகக் கேட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

உகரம் இன்னொரு சிக்கல். ஆகாரத்துக்கு ஒரே கால் போதும். உகரம் ஒவ்வோர் எழுத்திலும் வேறு வேறாகத் தோன்றும். உற்றுப் பார்த்தால் ஏறக்குறைய மூன்று குடும்பங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு வகை. ஙு, சு, பு, யு, வு இரண்டாவது வகை. ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. தனித்தனிப் பதினெட்டாக மனப்பாடம் செய்வதைவிட மூன்று கூட்டமாகப் பிரித்துப் பழகுவது சின்னப் பலகைக்கு ஏற்றது. பிள்ளைகளையே பிரிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. தானே கண்டுபிடித்தது எளிதில் மறக்காது.

எழுத்தின் ஒழுங்கின்மை குழந்தைக்குச் சுமை என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை உணர்ந்து செயல்பட்டிருக்கிறது. 1935இல் ‘குடிஅரசு’ இதழில் பெரியார் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துகளை, 1978இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டு ஏற்றது. ணா, றா, னா முதல் லை, னை வரை 13 எழுத்துகள் தனி வடிவத்தை விட்டுவிட்டுப் பொது விதிக்குள் வந்தன. ஆச்சி எழுதிய பழைய கடிதத்தில் யானைத் துதிக்கை போலச் சுழித்த லை இருந்தால் பேரப்பிள்ளைகளிடம் காட்டுங்கள். அவர்கள் தோளிலிருந்து இறக்கிவைத்த 13 சுமைகளில் அது ஒன்று.

எழுத்துக்கூட்டலிலும் மனப்பாடத்துக்கு முன்னால் நாக்கிடம் கேட்கலாம். சங்கு, பஞ்சு, நண்டு, பந்து, பாம்பு, கன்று என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, மூக்கொலியில் நாக்கோ உதடோ எங்கே தொடுகிறது என்று பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். பந்தில் நாக்கு பல்லைத் தொடும் இடத்திலேயே தகரமும் பிறக்கிறது. நண்டில் நாக்கு மடிந்து தொடும் இடத்திலேயே டகரமும் பிறக்கிறது. இன எழுத்து என்று இலக்கணம் சொல்வது வாய்க்குள் நடக்கும் இந்தச் சேர்க்கையைத்தான். தொட்டுப் பார்த்தறிந்த பிள்ளை ‘பன்து’ என்று எழுதத் தயங்கும்.

மணலில் பிறந்த பாடம்

1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னை எழும்பூரில் ஓர் ஆதரவற்ற சிறுவர் இல்லப் பள்ளியை நடத்தும் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வழக்கம் அது. மணலில் கை படிந்த பிறகுதான் பனையோலையும் எழுத்தாணியும். பெல் அதைத் தம் பள்ளியிலும் செய்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் வளர்த்தெடுத்தார். 1797இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குள் பரவியது. அந்தப் பிள்ளைகள் மணலில் விரல் வைத்து எழுதிய முதல் எழுத்துக்குப் பின்னால் நம் திண்ணை இருந்தது.

மணலில் எழுதுவதில் அறிவியலும் இருக்கிறது. 2012இல் காரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்டும் எழுதப் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை எழுத்துகளை மூன்று விதமாகச் செய்யவைத்தார்கள். பார்த்துச் சொந்தமாக எழுதுவது ஒன்று, புள்ளிக்கோட்டின் மேல் எழுதுவது ஒன்று, விசைப்பலகையில் தட்டுவது ஒன்று. பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். சொந்தமாக எழுதிய எழுத்தைப் பார்த்தபோதுதான், பின்னாளில் வாசிப்புக்குப் பயன்படும் மூளைப் பகுதிகள் கூடுதலாக விழித்தன. சொந்தமாக எழுதும்போது ஒவ்வொரு முறையும் எழுத்து கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் வேறாக வரும். அந்த வேறுபாடுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் ‘இத்தனையும் அ தான்’ என்று மூளை பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். பிள்ளையின் கோணல் எழுத்து கற்றலின் வழியிலேயே இருக்கிறது. அச்சுப் போல வரவில்லை என்று கடிந்துகொண்டால் அந்த வழியை அடைக்கிறோம்.

மணல் இன்னொன்றையும் தருகிறது. தவறு நிற்பதில்லை. உள்ளங்கையால் ஒரு தடவை தடவினால் மறைந்துவிடுகிறது. சிலேட்டும் அப்படித்தான். அழிக்க முடியும் என்று தெரிந்த கை பயமில்லாமல் எழுதும்.

வாய்க்காலை வெட்டும் வேலை

கை பழகிய பிறகும் ஒரு தடை மிஞ்சுகிறது. தமிழ்ப் பிள்ளை வீட்டில் ஒரு தமிழ் பேசுகிறது, புத்தகத்தில் வேறொரு தமிழைப் பார்க்கிறது. ‘நின்னாவ’ என்று சொல்லி வளர்ந்த பிள்ளை ‘நின்றார்கள்’ என்று எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் முதல் நாளிலிருந்தே வீட்டுத் தமிழ் கொச்சை, அது நோட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டால், தாத்தாவும் ஆச்சியும் துண்டும் சேர்ந்தே வெளியில் நின்றுவிடுகிறார்கள். ஏனென்றால் அவர்கள் அந்தத் தமிழில்தான் வாழ்கிறார்கள். சுற்றுலாத் தலம் மட்டும் உள்ளே வருகிறது.

சிற்றாறு மலையிலிருந்து விழுகிறபோது யாரும் அதற்கு வழி சொல்லித்தரவில்லை. கீழே இறங்கிய பிறகு அணைக்கட்டும் கால்வாயும் குளமும்தான் அந்தத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுசேர்க்கின்றன. குழந்தையின் பேச்சு அந்த அருவி. எழுதக் கற்பிப்பது என்றால் அதற்கு வாய்க்கால் வெட்டுவது. அருவியை நிறுத்திவிட்டு வெட்டும் வாய்க்காலில் தண்ணீர் வராது.

வெட்டும் வழி எளிது. பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே ஒழுங்கான பாலங்கள் இருக்கின்றன. நேத்து நேற்று, காத்து காற்று, சோத்து சோற்று. கன்னு கன்று, நின்னான் நின்றான். குளிச்சு குளித்து, அடிச்சு அடித்து. நனைஞ்சு நனைந்து. எல இலை, ஒலகம் உலகம், தொட துடை. கரும்பலகையின் ஒரு பக்கம் வீட்டுச் சொல்லையும் மறுபக்கம் புத்தகச் சொல்லையும் எழுதி, என்ன மாறுகிறது என்று கேட்டால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை தானே விதியைச் சொல்லிவிடும். ‘த்து’ சில இடத்தில் ‘ற்று’ ஆகிறது என்று கண்டுபிடித்த பிள்ளை, தன் வீட்டுப் பேச்சு தவறு என்ற வெட்கத்தை விட்டுவிட்டு, தனக்கு இரண்டு தமிழ் தெரியும் என்ற பெருமையோடு எழுத உட்காரும்.

வாக்கியம் கட்டுவதிலும் பேச்சு வழிகாட்டும். “போயி, குளிச்சு, தலையத் தொடச்சு, வடை வாங்கித் தின்னுட்டு வந்தோம்” என்று பிள்ளை மூச்சுவிடாமல் சொல்கிறது. வினையெச்சங்களை அடுக்கிக் கதை சொல்லும் தமிழின் நடை அது. நோட்டில் அதே பிள்ளை ‘நான் போனேன். நான் குளித்தேன். நான் வந்தேன்’ என்று எழுதுகிறது. துண்டு துண்டான இந்த வாக்கியங்களைச் சேர்த்துச் சொல்லிக்காட்டச் சொன்னால் போதும். போய், குளித்து, வந்தேன் என்று வாய் தானாகச் சேர்த்துவிடும்.

இதே தென்பகுதியின் கரிசல் மண்ணில், இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் வீட்டுப் பேச்சிலேயே கதை சொன்னார். வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பேச்சுத் தமிழ் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு நம் பிள்ளைகளுக்கு இதைவிட அருகில் சாட்சி வேண்டாம்.

யாருக்காக எழுதுகிறோம்

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி ஒரு நுட்பமான விஷயத்தைக் கவனித்தார். பேசும்போது எதிரில் ஆள் இருக்கிறார். அவர் முகம், அவர் கேள்வி, அவர் சிரிப்பு நம்மைப் பேசவைக்கிறது. எழுதும்போது எதிரில் யாரும் இல்லை. இல்லாத ஆளோடு பேசுவது குழந்தைக்கு இயல்பாக வராது. சைகையிலும் விளையாட்டிலும் படம் வரைவதிலும்தான் எழுத்து வேர்விடுகிறது என்றும் அவர் சொன்னார். அவருடைய தோழர் அலெக்சாண்டர் லூரியா, எழுதத் தெரியாத பிள்ளைகளிடம் சில வாக்கியங்களைச் சொல்லி, நினைவு வைத்துக்கொள்ளத் தாளில் எதையாவது குறித்துக்கொள்ளச் சொன்னார். முதலில் கிறுக்கினார்கள். பிறகு கிறுக்கலுக்குப் பொருள் வந்தது, படம் வந்தது. எழுத்து எதற்கு என்று தெரியவந்தபோது குறி பிறந்தது.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் ஒவ்வொரு பிள்ளையிடமும் இன்று உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பிள்ளையின் அச்சமும் அன்பும் கலந்த சொற்கள் ஒரே பார்வையில் மனத்தில் ஒட்டின. தென்காசிப் பிள்ளை என்ன கேட்கும்? குரங்கு என்று கேட்கலாம். ஆச்சி, மங்குஸ்தான், பரோட்டா என்று கேட்கலாம். அந்தச் சொல்லிலிருந்து தொடங்குகிற எழுத்துக்கு ஓர் உயிர் இருக்கும்.

படிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே எழுத்தின் எரிபொருள் என்பதைக் குற்றாலம் நன்றாக அறியும். குற்றாலத்தைத் தன் ஊராக்கிக்கொண்ட ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) கல்வி தாய்மொழியில் நடக்க வேண்டும் என்று ஓயாமல் சொன்னவர். அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களும் பின்னால் நூலாயின. எதிரில் உட்கார்ந்து பேசுவது போல எழுதியவர் அவர். கடிதம் எழுத அமர்கிறவருக்கு, அதைப் பிரித்துப் படிக்கப்போகிறவரின் முகம் முன்னால் தெரிகிறது. ‘குற்றாலம்’ என்று கட்டுரைத் தலைப்பைக் கொடுப்பதைவிட, அருவியைப் பார்த்தே இராத ஒரு ராமநாதபுரத்துப் பிள்ளைக்கு அஞ்சலட்டை எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் தலையில் அடித்தால் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்குப் புரியவைக்க வேண்டுமே. துண்டு திரும்பி வந்துவிடும்.

வகுப்பறையில்

2022 ஜூனில் தமிழ்நாடு அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விழுந்த இடைவெளியை நிரப்பி, எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் வேண்டும் என்பது நோக்கம். அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைப் பாராமல் பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம் நடத்துகிறார்கள். சின்னப் பலகையில் எவ்வளவு நிற்கும் என்று பார்த்துச் சாமான் வைப்பது சரியான அணுகுமுறை. அதே ஆண்டு நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று ‘ஊஞ்சல்’ இதழும் வந்தது.

அந்த அடித்தளத்தின் மேல் ஓர் ஆசிரியர் நாளும் செய்யக்கூடியவை சில உண்டு. எழுதுமுன் பக்கத்துப் பிள்ளையிடம் கதையைச் சொல்லவைக்கலாம். மூன்று கட்டம் போட்டுப் படம் வரையவைக்கலாம். படம் தாளில் இருந்தால் கதை நினைவுப் பலகையை அடைக்காது. முதல் வகுப்பில் பிள்ளை சொல்ல, ஆசிரியர் எழுதிக்காட்டலாம். தன் வாய்ச்சொல் எழுத்தாவதைப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்து என்றால் என்ன என்பது ஒரு நொடியில் விளங்கும். கையெழுத்துப் பயிற்சிக்கு நாளும் பத்து நிமிடம் தனியே வைத்து, கதை எழுதும் நேரத்தில் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கலாம்.

சிவப்பு மையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லாத் தவறையும் ஒரே நேரத்தில் வட்டமிட்டால், அடுத்த முறை பிள்ளை தவறு வராத சொற்களை மட்டுமே எழுதும். சுற்றுலாத் தலம் மறுபடி வந்துவிடும். முதலில் கதையைப் படித்துச் சிரிக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். “துண்டு போனதும் தாத்தா என்ன செஞ்சாவ?” என்ற ஒரு கேள்வி இன்னும் மூன்று வரிகளைக் கொண்டுவரும். பிறகு இந்த வாரம் றகரம், அடுத்த வாரம் ஒற்று மிகுதல் என்று ஒன்றை மட்டும் எடுத்துத் திருத்தலாம்.

எதிரில் இல்லாத ஆளுக்கு எழுதுவதைப் பற்றிய இந்தப் பேச்செல்லாம் தென்காசிக் கோயில் கோபுரத்தைப் பார்க்கும்போது எனக்கு நினைவுக்கு வருகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், எதிர்காலத்தில் கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைச் சீர்செய்து காப்பவர்களை உலகறிய வணங்குகிறேன் என்று கல்லில் எழுதிவைத்தான். யாரென்று தெரியாதவர்களுக்கு, இன்னும் பிறக்காதவர்களுக்கு எழுதினான். பிற்காலத்தில் கோபுரம் சிதைந்தது. நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990இல் ஊரும் நாடும் சேர்ந்து அதை மறுபடி எழுப்பின. ஐந்நூறு ஆண்டு கழித்துப் போய்ச்சேர்ந்த கடிதம் அது.

கோபுரத்தின் கீழ் நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளையின் கையிலும் அதே வல்லமை இருக்கிறது. இன்று அது சிலேட்டில் கோணலாக ‘தாத்தா துண்டு போயிட்டு’ என்று எழுதுகிறது. அழிக்கச் சொல்லாமல், அடுத்து என்ன நடந்தது என்று கேட்போம்.